படகு எந்திரத்தில் குளிர்நீர் குறைந்தால்

தெற்கு அந்தமானில் உள்ள பெரார்கஞ்ச், கடற்கரை ஊர் அன்று. 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெரார் என்பவரின் பெயரைத் தாங்கிய இவ்வூர், அந்தமான் நெடுஞ்சாலையின் ஓரத்தில், வயல்களுக்கும் காடு சூழ்ந்த குன்றுகளுக்கும் இடையே அமைந்திருக்கிறது. ஆயினும் இதன் பெயரால் வழங்கும் வட்டத்தை நிலப்படத்தில் நோக்கினால், கடலுக்கும் இதற்கும் உள்ள உறவு விளங்கும். கிழக்கே ஷோல் பே உப்பங்கழி நிலத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே வருகிறது. மேற்கே கடற்கரைக் குடியேற்றங்கள் உள்ளன. தெற்கே பம்பூபிளாட் துறை, தலைநகரின் துறைமுகத்தை எதிர்நோக்கி நிற்கிறது. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அத்தலைநகரே, இவ்வட்டத்து மக்களுக்குப் பெரிய சந்தையும் பெரிய பட்டறையும் ஆகும்.

இத்தகைய இடங்களில் மீன் பிடிக்கவும், பயணிகளை ஏற்றவும், சரக்கைக் கொண்டு செல்லவும் சிறு படகுகள் பயன்படுகின்றன. சிலவற்றில் டீசல் எந்திரம் படகின் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். மற்றவற்றில், பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் எந்திரம் இருக்கும். அவுட்போர்டு மோட்டார் என்று மக்கள் வழங்கும் இந்த எந்திரத்தில் அடிக்கடி தோன்றும் ஒரு பழுது, குளிர்நீர் ஓட்டம் மெலிந்து போவதாகும். உரிய நேரத்தில் கவனித்தால் இது ஒரு ரப்பர்ச் சக்கரத்தின் விலையோடு முடியும். கவனியாது விட்டால் எந்திரமே வீணாகும். சில வேளைகளில் படகில் உள்ளோரின் உயிருக்கும் ஆபத்து நேரும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில், வங்கதேசக் கரையிலிருந்து புறப்பட்ட அகதிகள் படகு ஒன்று எந்திரம் பழுதுபட்டு அந்தமான் கடலில் பல நாட்கள் மிதந்தது. இந்தியக் கடலோரக் காவல் படையினர் அதனைக் கண்டபோது 81 பேர் உயிருடன் இருந்தனர். 8 பேர் இறந்துகிடந்தனர். எந்திரம் நின்ற காரணம் எதுவாயினும், கரையை விட்டு விலகி நீரோட்டத்தில் அகப்பட்ட படகின் நிலை ஒன்றே.

நீர் செல்லும் வழி

எரிபொருள் எரியும்போது தோன்றும் வெப்பத்தில் ஒரு பகுதியே சுழலியைத் திருப்பும் ஆற்றலாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பங்கு உருளையின் சுவர்களில் தங்குகிறது. அதனை இடைவிடாது அகற்றாவிடில், பிஸ்டன் விரிந்து உருளையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் வண்டிகளில் இவ்வெப்பத்தை அகற்ற ரேடியேட்டர் உண்டு. வெளிப்பொருத்து எந்திரத்திற்கோ, படகு மிதக்கும் நீரே குளிர்விக்கும் சாதனமாக அமைகிறது.

இந்நீர் செல்லும் பாதையை அறிந்தவருக்குப் பழுதைத் தேடுவது எளிது. சுழலிக்குச் சற்று மேலே, கியர் பெட்டியின் பக்கங்களில், சல்லடை போன்ற சிறு துளைகள் உள்ளன. நீர் அவற்றின் வழியே நுழைகிறது. கியர் பெட்டியின் மேற்பகுதியில் ஒரு சிறு பம்பு உண்டு. எந்திரத்திலிருந்து இறங்கி வரும் தண்டின்மேல் இம்பெல்லர் எனப்படும் ரப்பர்ச் சக்கரம் ஆப்பு வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். இதன் இறக்கைகள் ஓர் உலோகக் கிண்ணத்தின் உள்ளே சுழல்கின்றன. தண்டு கிண்ணத்தின் நடுவில் அன்றி ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதால், இறக்கைகள் ஒருபுறம் மடங்கி மறுபுறம் நிமிர்கின்றன. நிமிரும் இடத்தில் நீர் உறிஞ்சப்படுகிறது. மடங்கும் இடத்தில் அது மேலே தள்ளப்படுகிறது.

அங்கிருந்து ஒரு குழாய் வழியே மேலேறும் நீர், புகைவழியையும் உருளைகளையும் அவற்றின் தலைப்பகுதியையும் சுற்றி வருகிறது. தெர்மோஸ்டாட் எனும் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு, எந்திரம் போதிய சூடேறும் வரை நீரின் பெரும்பகுதியைத் தடுத்து வைத்து, பின்னர்த் திறந்து விடுகிறது. வேலை முடித்த நீர் பெரும்பாலும் புகையோடு கலந்து கீழே வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு கிளை மட்டும் எந்திரத்தின் பின்புறத்துத் துளை வழியே தாரையாக வெளியே பாய்கிறது. படகோட்டி தன் இருக்கையிலிருந்தே காணும் அடையாளம் இதுவே.

தாரை உணர்த்துவது

இவ்வடையாளத் தாரையைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. தாரை மெலிந்தால் பம்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது ஒன்று. தாரை வலுவாக இருந்தால் எந்திரம் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நம்புவது மற்றொன்று. இரண்டாவது எண்ணம் முதலாவதைவிடத் தீங்கானது.

தாரைத் துளையின் விட்டம் சிறிது. ஓர் உப்புக் கட்டியோ, கரையில் நின்ற நாட்களில் பூச்சி கட்டிய மண்கூடோ அதனை அடைத்துவிடலாம். அப்போது பம்பும் நீர்ச்சுற்றும் செவ்வனே இயங்கினாலும் தாரை மெலியும். மறுபுறம், சில மாதிரி எந்திரங்களில் தாரைக்குரிய நீர், உருளைகளைச் சுற்றி முடிக்கும் முன்பே பிரிந்து வந்துவிடுகிறது. அவற்றில் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டாலும், உள்வழிகள் உப்பால் அடைபட்டாலும், தாரை வலுவாகவே தோன்றும். எந்திரமோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஆகவே தாரையின் வலிமை, அந்நீரின் சூடு, எந்திரத் தலைப்பகுதியின் சூடு, எச்சரிக்கை மணி இருப்பின் அதன் ஒலி ஆகிய யாவற்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

எளியதிலிருந்து அரியதற்கு

பழுது தேடுவதில் ஒழுங்கு தேவை. செலவற்ற சோதனை முதலிலும், எந்திரத்தைப் பிரிக்கும் சோதனை இறுதியிலும் வருதல் வேண்டும். வரிசையாகத் தேடுவோர் பல நேரங்களில் முதல் இரண்டு படிகளிலேயே காரணத்தைக் கண்டுவிடுவர்.

முதற்படி, தாரைத் துளையைத் துப்புரவு செய்தல். எந்திரத்தை நிறுத்தியபின், தூண்டிலுக்குப் பயன்படும் தடித்த தங்கூசி நரம்பையோ மெல்லிய கம்பியையோ துளைக்குள் மெதுவாகச் செலுத்தி எடுக்கலாம். வலிந்து குத்தினால் அடைப்பு உள்ளே நகர்ந்து, உள்ளிருக்கும் ரப்பர்க் குழாயில் தங்கிவிடும். அக்குழாயைக் கழற்றி ஊதிப் பார்ப்பதும் பயன் தரும்.

இரண்டாம் படி, நீர் நுழையும் சல்லடைத் துளைகளைப் பார்த்தல். பாசி, இலை, பிளாஸ்டிக் பை, வலைத் துண்டு, சேறு ஆகிய எதுவும் அவற்றை மூடலாம். பல நாட்கள் நீரிலேயே விடப்படும் எந்திரங்களில் கொட்டலசு எனப்படும் சிறு கடலுயிர்கள் துளையின் உட்புறத்தில் ஒட்டி வளர்வதும் உண்டு. இச்சோதனையின்போது எந்திரத்தை நிறுத்தி, படகுக்குள் இருந்தபடியே அதனைச் சாய்த்து உயர்த்திப் பார்த்தல் வேண்டும். அந்தமான் உப்பங்கழிகளில் நீரில் இறங்கி நின்று இவ்வேலையைச் செய்தல் ஆகாது. தெற்கு அந்தமானில் லோஹாபாரக் முதலைச் சரணாலயம் அமைந்திருப்பதை நினைவில் கொண்டால் காரணம் விளங்கும். உப்புநீர் முதலைகள் சரணாலயத்தின் எல்லைக்குள் மட்டும் வாழ்வன அல்ல.

மூன்றாம் படி, எந்திரம் பொருத்தப்பட்டுள்ள உயரத்தை நோக்குதல். சுழலிக்கு மேலே கிடைமட்டமாக நீண்டிருக்கும் தகடு, படகின் அடிப்பகுதிக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ இருத்தல் முறை. பின்பலகை உயர்ந்த படகில் தண்டு குட்டையான எந்திரத்தை மாட்டினால், படகு வேகமெடுக்கும்போதும் அலையில் எழும்போதும் துளைகள் நீரோடு காற்றையும் உறிஞ்சும். எந்திரத்தில் குறை ஏதும் இராது. படகுக்கும் எந்திரத்துக்கும் பொருத்தம் இராது. முன்பக்கம் பாரம் மிகுதியானாலும் இதே விளைவு தோன்றலாம்.

நான்காம் படி, தெர்மோஸ்டாட்டைச் சோதித்தல். அதனைக் கழற்றி நூலில் கட்டி, நீர் நிறைந்த பாத்திரத்தில் வெப்பமானியுடன் தொங்கவிட்டுச் சூடாக்க வேண்டும். மாதிரியைப் பொறுத்து ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் அளவில் அது திறக்கத் தொடங்கும். உரிய அளவு கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். திறவாவிடில் புதியது மாற்ற வேண்டும். தெர்மோஸ்டாட்டையே எறிந்துவிட்டு ஓட்டுவோரும் உளர். அவ்வாறு செய்தால் எந்திரம் உரிய சூட்டை எட்டாமல், எரிபொருள் சரிவர எரியாமல், கரி படிந்து வேறு பழுதுகள் விளையும்.

ஐந்தாம் படியே பம்பைப் பிரித்தல். கியர் மாற்றும் தண்டின் இணைப்பை முதலில் விடுவித்து, திருகாணிகளைக் கழற்றி, கீழ்ப்பகுதியை இறக்க வேண்டும். இம்பெல்லரின் இறக்கைகள் ஒரே பக்கமாக மடங்கி நிமிர மறுத்தாலும், நுனி தேய்ந்திருந்தாலும், அடியில் வெடிப்பு இருந்தாலும், ரப்பர் கடினப்பட்டிருந்தாலும் அதனை மாற்றியே தீரவேண்டும். உலோகக் கிண்ணத்திலும் அடித்தகட்டிலும் ஆழ்ந்த கீறல்கள் இருப்பின், இம்பெல்லரை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. ஓர் இறக்கை ஒடிந்து காணாமற் போயிருந்தால், அத்துண்டைத் தேடி எடுக்காமல் பம்பை மூடலாகாது. அது மேலே சென்று குழாயிலோ உள்வழியிலோ தங்கியிருக்கும்; புதிய இம்பெல்லர் பொருத்திய பிறகும் எந்திரம் சூடேறுவதற்கு இதுவே காரணமாகும்.

புதியதைப் பொருத்தும்போது ஆப்பு தன் இடத்தில் இருப்பதை உறுதி செய்து, இறக்கைகளில் சோப்பு நீர் தடவி, எந்திரம் ஓடும் திசையிலேயே தண்டைத் திருப்பியபடி கிண்ணத்தை அழுத்த வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் இறக்கைகள் தவறாக மடங்கும். கீழ்ப்பகுதியை மீண்டும் ஏற்றும்போது, நீர்க்குழாயின் முனை பம்பின் ரப்பர் வளையத்தில் நேராக அமர வேண்டும். அது விலகி நின்றால், புதிய பம்பு தள்ளும் நீரும் மேலே போகாமல் வழியிலேயே சிந்திவிடும்.

அறிகுறிகளின் வேறுபாடு

எந்த நிலையில் நீர் குறைகிறது என்பதைக் கவனித்தால், தேடும் இடம் சுருங்கும். மெதுவாக ஓடும்போது தாரை மெலிந்து, வேகத்தில் சீரடைந்தால், தேய்ந்த இம்பெல்லர் மீது ஐயம் கொள்ளலாம். மெதுவான வேகத்தில் இறக்கைகள் கிண்ணத்தோடு உரசி நின்றால்தான் நீர் மேலேறும். வேகம் மிகும்போது சுழற்சியின் விசையே நீரைத் தள்ள உதவுகிறது. மாறாக, மெதுவாக ஓடும்போது இயல்பாக இருந்து, வேகத்தில் மட்டும் சூடேறினால், சல்லடைத் துளையின் பகுதி அடைப்பு, காற்று உறிஞ்சல், உள்வழிகளில் உப்புப் படிவு ஆகியவற்றைத் தேடவேண்டும். தாரை வலுவாக இருந்தும் எந்திரம் சூடானால், தெர்மோஸ்டாட்டும் உள்வழிகளும் முதலில் பார்க்கப்பட வேண்டியவை. தாரையில் நீராவியும் குமிழிகளும் விட்டுவிட்டு வந்தால், உருளைத் தலையின் அடைப்பு வளையம் கெட்டு, எரிவாயு நீர்வழிக்குள் புகுவதாக இருக்கலாம். இதனைப் பட்டறையில்தான் சீர்செய்ய இயலும்.

கடலில் இருக்கும்போது தாரை நின்றுவிட்டால், உடனே வேகத்தைக் குறைத்து, சில நொடிகளில் நீர் வராவிடில் எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். நங்கூரமிடத்தக்க ஆழமாயின் நங்கூரமிடுதல் நன்று. பின் எந்திரத்தைச் சாய்த்து முதல் இரண்டு சோதனைகளைச் செய்து, அது ஆறும் வரை காத்திருக்க வேண்டும். கொதிக்கும் எந்திரத்தின்மேல் வாளியால் கடல்நீரை ஊற்றுவது தவறு. திடீர்க் குளிர்ச்சியால் உலோகம் நெளியவோ வெடிக்கவோ கூடும். கரை எட்டும் தொலைவில் இருப்பினும், 'இன்னும் சிறிது தூரம்' என்று நீரின்றி ஓட்டுவோர் எந்திரத்தை இழக்கின்றனர். துடுப்பும், குடிநீரும், சைகை விளக்கும், தொடர்புக் கருவியும் இன்றிப் புறப்படாதிருப்பது இதற்கெல்லாம் முந்திய பாதுகாப்பு.

தீவின் சேறும் உப்பும்

அந்தமானின் இயற்கைச் சூழல் இப்பழுதுக்கு வாய்ப்பைப் பெருக்குகிறது. இங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். இரு பருவக்காற்றுகளும் மழை தருவதால், மே முதல் டிசம்பர் வரை குன்றுகளின் மண் கரைந்து கழிகளில் இறங்குகிறது. அலையாத்திக் காடுகளின் அடிச்சேறு மிக நுண்ணியது. வற்றுநீரில் தாழ்வான கழியில் எந்திரத்தை ஓட்டினால், பம்பு நீரோடு சேற்றையும் மணலையும் சேர்த்தே உறிஞ்சும். 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தாழ்வான வயல்கள் பலவற்றில் கடல்நீர் புகுந்து நிலையாகத் தங்கிவிட்டது. இவ்வாறு உருவான ஆழமற்ற நீர்ப்பரப்புகளின் ஓரங்களில் படகு செலுத்துவோர் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம். ஆழம் குறைந்த இடத்தில் எந்திரத்தைச் சற்று உயர்த்தி மெதுவாகச் செல்வதும், இயன்றால் நிறுத்திவிட்டுக் கழியூன்றிச் செல்வதும் பம்பின் ஆயுளை நீட்டிக்கும்.

உப்பின் தீங்கு மெல்ல வருவது. எந்திரம் நின்றபின் உள்ளே தங்கும் கடல்நீர் உலர்ந்து, உப்பும் சுண்ணப் பொருள்களும் உள்வழிகளில் படிகின்றன. இதற்கு மருந்து நன்னீர். நாள் முடிவில், பீப்பாய் ஒன்றில் பம்பின் மட்டத்துக்கு மேல் நன்னீர் நிரப்பி, சுழலியைக் கழற்றிவிட்டு, எந்திரத்தை அதில் நிறுத்தி, மெதுவான வேகத்தில் சில நிமிடங்கள் ஓட்டினால் போதும். பின்னர் எந்திரத்தை நிமிர்த்தி நிறுத்தி, உள்நீர் முழுதும் வடிய விடவேண்டும். நீரின்றிச் 'சற்றே ஓட்டிப் பார்ப்பது' கூடாது. நீரே இம்பெல்லருக்கு உராய்வு தடுக்கும் பொருளாதலால், உலர்ந்த கிண்ணத்தில் அது மிகக் குறுகிய நேரத்தில் கருகிவிடும்.

எந்திரம் வழங்குவதோடு பணி முடிவதில்லை

மீன்பிடித் தொழிலில் எந்திரங்களைப் புகுத்தும் முயற்சிக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1953-இல் கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் அதில் ஒரு தொடக்கப் படி. 1980-களில் கேரளத்திலும் கன்னியாகுமரிக் கரையிலும் வள்ளங்களில் வெளிப்பொருத்து எந்திரங்கள் பெருகின. அப்போது வெளிப்பட்ட உண்மை ஒன்றுண்டு: எந்திரத்தை வாங்கித் தருவது எளிது, அதனை ஓட வைப்பது அரிது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு, எந்திரங்களோடு உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் கரையோர ஊர்களுக்குக் கொண்டு சென்றது. இப்பட்டறைகள், எந்திரத்தின் பயனை அதன் விலைப்பட்டியலில் மட்டும் காணாது, அது ஓடிய நாட்களில் கண்டன எனலாம்.

தீவுகளுக்கு இப்பாடம் இன்னும் பொருந்தும். சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையே கடல்வழி 1,300 கிலோமீட்டருக்கும் மேல். கப்பல் வந்துசேர மூன்று நாட்கள் ஆகும். உரிய அளவு இம்பெல்லர் உள்ளூரில் கிடைக்காவிட்டால், கையளவு ரப்பர்த் துண்டுக்காக ஒரு குடும்பத்தின் படகு வாரக்கணக்கில் கரையில் கிடக்கும். மானியத்தால் வந்த எந்திரம் கணக்கேட்டில் வளர்ச்சியாகவும், கரையில் சுமையாகவும் இருக்கும். இந்நிலையைத் தவிர்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை.

எந்திரம் வழங்கும் திட்டம் எதுவாயினும், ஒவ்வோர் எந்திரத்தோடும் இம்பெல்லர், ஆப்பு, அடைப்புத் தாள், தெர்மோஸ்டாட் ஆகியவை அடங்கிய ஒரு பெட்டியும் சேர்த்து வழங்கப்படலாம். ஒரு துறையில் வெவ்வேறு மாதிரிகள் பலவாகக் கலந்து நிற்பதைவிட, ஒன்றிரண்டு மாதிரிகளே மிகுதியாக இருந்தால், கூட்டுறவுச் சங்கமே உதிரிப் பாகங்களை இருப்பில் வைக்க இயலும். தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது, பம்பைப் பிரிப்பது போன்ற பயிற்சிகளைத் துறையிலேயே, படகோட்டிகளின் சொந்த எந்திரங்களைக் கொண்டே நடத்தலாம். கொச்சியில் தலைமையிடமும் சென்னை, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களில் பிரிவுகளும் கொண்ட மத்திய மீன்வள, கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனம் போன்ற அமைப்புகளின் அனுபவம் இதற்குத் துணை செய்யும். கையேடுகள் ஆங்கிலத்தில் மட்டும் இருத்தல் போதாது. தமிழ், வங்காளி, தெலுங்கு, மலையாளம், இந்தி எனப் பல மொழிகள் பேசும் இக்குடியேற்றங்களில், ஐந்து சோதனைப் படிகளையும் படத்துடன் விளக்கும் ஒரே ஒரு தாள், அச்சிட்ட ஒரு பெரிய நூலைவிடப் பயன்படும். ஆய்வுக்குச் செல்லும் அலுவலர்களும், எத்தனை எந்திரங்கள் வழங்கப்பட்டன என்பதோடு, சென்ற மாதத்தில் அவை எத்தனை நாட்கள் ஓடின என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

தொழில்நுட்பம் கற்கும் மாணவர் இதனைச் சிறு பழுது என்று ஒதுக்கலாகாது. ஒரு பம்பு, ஒரு வால்வு, சில துளைகள் ஆகியவற்றைக் கொண்ட இந்நீர்ச்சுற்றில், காரணத்தையும் அறிகுறியையும் வேறுபடுத்திக் காணும் பயிற்சி முழுமையாகக் கிட்டுகிறது. அப்பயிற்சி பெற்ற ஓர் இளைஞர் ஒரு துறைக்கு ஒருவராக இருந்தாலும், பெரார்கஞ்ச் வட்டத்துப் படகுகள் பல, பட்டறையை எதிர்பார்த்துக் கரையில் காத்திராமல், மறுநாள் விடியலில் தொழிலுக்குப் புறப்படும்.